கரும்பச்சை வானிலை

வளைகுடாக் கரை ஊரான பென்சகோலாவில் மழை வருமா என்று தெரிந்துகொள்ள யாரும் விண்கல இறங்கு வானிலை வாரியத்தைக் கேட்பதில்லை. துறைமுகத்தில் இறால் விற்பவர்களைக் கேட்பார்கள். அவர்கள் அகப்படாவிட்டால் முழங்கால் வலிக்காரர் யாரையாவது கேட்பார்கள். வாரியம் இதற்காக வருந்தியதில்லை. சாதாரண ஜனங்களுக்கு வானிலை சொல்லும் வழக்கம் அதற்குக் கிடையாது. விண்வெளிக்குப் போனவர்கள் தங்கள் கலத்தோடு பாராசூட்டில் தொங்கியபடி கடலில் வந்து விழும் நாளில் காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்வது ஒன்றே அதன் தொழில். வாரியம் தலையசைத்தால்தான் மேலே இருப்பவர்கள் கீழே வரலாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது வளைகுடாக் கரைக்கும் பொருந்தும்.

ஒடெஸா ப்ரூயிட் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து ஊரான மொபீலில் பல வருஷம் தொலைக்காட்சியில் நின்று, பள்ளிக்கூட விளையாட்டு நாளில் தூறுமா தூறாதா என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இனி விண்வெளி வீரர்களுக்குச் சொல்லப்போகிறாள். அதைவிட முக்கியம், தம்பி டோபினுக்குச் சொல்லப்போகிறாள். டோபினுக்கு மீட்புப் படகில் வேலை. விண்கலம் விழுந்ததும் முதலில் கடலில் குதித்து, அதைச் சுற்றி நீந்தி, படகின் இரும்புக் கயிற்றை மாட்டுகிறவன் அவன். அலை பெரிதாக இருந்தால் கலத்துக்கும் படகுக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கப்போகிறவனும் அவன்தான்.

"இனிமே நீ சரின்னு சொன்னாத்தான் குதிப்பேன்க்கா," என்றான் டோபின், வறுத்த மடவை மீனைப் பிய்த்துக்கொண்டே. "எங்க அக்காதான் வானிலைன்னு படகுல அத்தன பேர்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன்."

"டேய், நான் வானிலை இல்லடா. வானிலைய சொல்றவ."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மீன்ல முள்ளு இருக்கு, பாத்துத் தின்னு."

முதல் நாளே ஒடெஸாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. முன்னறிவிப்பு அறை கடற்கரையைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு சுவர் முழுக்க ஜன்னல். அந்த ஜன்னலைத் தரை வரைக்கும் கனத்த சாம்பல் நிறத் திரை மூடியிருந்தது. துணை இயக்குநர் டாக்டர் விலெட்டா கேட்ஸிடம் அவள் காரணம் கேட்டாள்.

"பாத்துடக் கூடாதுன்னுதான்," என்றாள் விலெட்டா.

"எதை மேடம்?"

"வானத்தை. இதோ பாரும்மா, பாக்காம சொன்னாத்தான் அது முன்னறிவிப்பு. பாத்துட்டுச் சொன்னா அது சாட்சி. சாட்சிக்கு இங்க வேலை இல்ல. உனக்கு முன்னாடி இந்த நாற்காலியில ஒருத்தர் இருந்தாரு. ஒரு நாள் திரைய விலக்கிப் பாத்துட்டு, மழை பெய்யுதுன்னு கத்திட்டாரு. மத்தியான வரைபடம் வர்றதுக்கு முன்னாடியே!"

"நிஜமாவே பெஞ்சுதா?"

"பெஞ்சுது. ஆனா அனுமதி ஆகலையே."

அந்த மனிதரை அனுப்பிவிட்டார்கள். அதன்பின் மாதம் ஒரு முறை திரை ஒத்திகை நடந்தது. மற்ற அலுவலகங்களில் தீ ஒத்திகை நடத்துவார்களே, அதே மாதிரிதான். மணி அடிக்கும். விலெட்டா திரையின் கயிற்றைப் பிடித்து ஒரு சாண் விலக்கி, "திரை!" என்று கூவுவாள். உடனே எல்லோரும் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். அவள் "மூடியாச்சு" என்று சொன்ன பிறகே திறக்கலாம். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்பார்கள். இந்த வாரியத்தில் பூனை கண்ணை மூடினால் வானம் வெளுத்துவிடும்.

ஒடெஸாவும் கண்ணை மூடினாள். புது வேலை, வேறு என்ன செய்வாள்?

அந்த வருஷத்தின் முதல் இறக்கம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று முடிவாகியிருந்தது. நான்கு பேர் மேலே இருந்தார்கள். பென்சகோலாவுக்கு எதிரே கடலில் டோபினின் படகு காலையிலேயே போய் நின்றுவிட்டது. மாநிலத்தின் மறுபக்கம், ஜாக்சன்வில்லுக்கு எதிரே அட்லாண்டிக் கடலில், வழக்கப்படி இன்னொரு படகும் தயாராக நின்றது.

ஒடெஸா ரேடாரைப் பார்த்தாள். லூயிசியானா பக்கமிருந்து ஒரு மேகவரிசை, விளக்குமாறு மாதிரி கரையைக் கூட்டிக்கொண்டே வந்துகொண்டிருந்தது. கலம் விழும் நேரத்தில் அது பென்சகோலாவின் தலைக்கு மேலே நிற்கும். ஜாக்சன்வில் பக்கமோ துளி மேகமில்லை. வாரியத்தில் முன்னறிவிப்பை நிறமாகத்தான் பதிய வேண்டும்; பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. அவள் வாரியத்தின் கணினியில் அந்த வானிலைக்கு உரிய நிறத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை.

"மேடம், சிவப்பு எங்க இருக்கு?"

"எடுத்தாச்சும்மா. ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஏன்?"

"முன்னாடியெல்லாம் வருஷத்துக்கு நாலஞ்சு தடவ சிவப்பு வரும். மேலிடத்துல ஒரே சங்கடம். எடுத்ததுக்கு அப்புறம் ஒரு தடவகூட வரலையே!" விலெட்டாவின் முகத்தில் நிஜமான மகிழ்ச்சி. "இத சாதனைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?"

கணினியில் இருந்தவை இளம்பச்சை, கிளிப்பச்சை, புல்பச்சை, பாசிப்பச்சை, கரும்பச்சை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஒடெஸா இருப்பதிலேயே இருண்டதைத் தேர்ந்தெடுத்தாள். கிட்டத்தட்ட கறுப்பு. பார்க்கிற யாருக்காவது உறைக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததுதான் அவள் செய்த தப்பு.

"கரும்பச்சையா!" என்றாள் விலெட்டா. "ரொம்பச் செழிப்பா இருக்கே."

மத்தியானம் வாரியம் கூடியது. இயக்குநர் ஹார்லன் ஃபிட்ச் ஆறடி உயரம், வெண்கலக் குரல். ஓய்வுபெற்ற விண்வெளி வீரர் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவர் முன்பு இருந்தது மேசை நாற்காலி வாங்கும் பிரிவில். எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நண்பர்களே, இந்த வாரியத்தோட முன்னறிவிப்பு இன்னை வரைக்கும் ஒரு தடவகூட தப்பினதில்ல. சில நாள் வானிலை தப்பியிருக்கு. நாம அதைப் பெருந்தன்மையா விட்டுட்டோம். இன்னைக்குச் சாயங்காலம் நம்ம கரைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. பந்தல் போட்டாச்சு. வாத்தியக் கோஷ்டி வந்தாச்சு. இத்தனைக்கும் அப்புறம் வானம் ஒத்துழைக்காதுன்னு நினைக்கிறது வானத்தையே அவமதிக்கிற மாதிரி."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். ஒடெஸா கையைத் தூக்கினாள்.

"சார், சாயங்காலம் இங்க சூறைக்காத்து வருது. ஜாக்சன்வில் பக்கம் இறக்கிடலாம். அங்க கடல் குளம் மாதிரி கிடக்கு."

"கண்ணு, நீ என்ன நிறம் குடுத்த?"

"கரும்பச்சை சார். ஆனா..."

"அது பச்சையா, இல்லையா?"

"பச்சைதான் சார். சிவப்பு இல்லாததால..."

"கேட்டீங்களா? பச்சைதான்னு புள்ளையே சொல்லிடுச்சு."

"போதாததுக்குக் கேக்கும் சொல்லியாச்சு," என்றாள் விலெட்டா. அதோடு பேச்சு முடிந்தது.

கேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரியத்தைத் தொடங்கியவர் முதல் இறக்கத்தன்று கடையிலிருந்து ஒரு பெரிய சதுரக் கேக்கை வாங்கி, "வீட்டுக்கு வருக" என்றும், கீழே இறங்கும் ஊரின் பெயரையும் பச்சை நிறத்தில் எழுதச் சொன்னாராம். கலம் அந்த இடத்திலேயே பத்திரமாக இறங்கியது. இன்னொரு முறை இடத்தை மாற்றினார்கள். கேக்கில் ஒரு ஊர், வீரர்கள் வேறு ஊர். படம் பத்திரிகையில் வந்து நாடே சிரித்தது. அன்றிலிருந்து கேக்கில் எழுதியதே இடம் என்று விதியாகிவிட்டது. இயக்குநர் கேக்கை வெட்டி முதல் துண்டை வாயில் போட்ட பிறகே மேலே இருப்பவர்களுக்கு "வரலாம்" என்று செய்தி போகும். காற்றுக்கு வரம்பு உண்டு, அலைக்கு வரம்பு உண்டு, இரண்டையும் சமயத்தில் தளர்த்துவார்கள். கேக்கை யாரும் தளர்த்தியதில்லை.

ஒடெஸா சமையலறைப் பக்கம் வந்து நின்றாள். மேசைமேல் கேக் இருந்தது. "வீட்டுக்கு வருக, பென்சகோலா." தொலைபேசி அடித்தது. டோபின்.

"அக்கா, படகு பேயாட்டம் ஆடுது. கேப்டன் மூஞ்சியே சரியில்ல. நீ சரின்னு சொல்லிட்டியா?"

"இருடா," என்றாள். "இங்க ஒரு கேக் இருக்கு. அத கவனிச்சுட்டு வர்றேன்."

"நாங்க இங்க வாந்தி எடுத்துட்டு இருக்கோம், உனக்குக் கேக்கா?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு வெண்ணெய் தடவும் கத்தியை எடுத்தாள். பென்சகோலாவைச் சுரண்டினாள். சுரண்டிய பச்சையையே கத்தி முனையில் தொட்டுத் தொட்டு ஜாக்சன்வில் என்று எழுதினாள். எழுத்துகள் கோணலாக வந்தன. கடைசி எழுத்துக்குப் பச்சை போதாமல் ஓரத்து அலங்காரத்தில் கொஞ்சம் கடன் வாங்கினாள். நான்கு பேருடைய உயிரையும் தம்பியின் உயிரையும் சர்க்கரைப் பாகில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு வந்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

கேக் கூட்ட அறைக்கு வந்தது. ஃபிட்ச் கத்தியை ஓங்கியவர், படித்துவிட்டு நின்றார். ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். தனக்கு மட்டும் தெரியாமல் ஏதோ கூட்டம் நடந்துவிட்டது என்று ஒவ்வொருவருக்கும் பயம்.

"ஜாக்சன்வில்," என்றார் ஃபிட்ச் மெல்ல. "ஆமா, அப்படித்தானே பேசினோம்?"

"செவ்வாய்க்கிழமையே முடிவாச்சே சார்," என்றாள் விலெட்டா.

"திங்கள்," என்று திருத்தினார் ஒருவர். "நான்தான் முன்மொழிஞ்சேன்."

ஃபிட்ச் வெட்டினார், தின்றார், செய்தி மேலே போனது. சாயங்காலம் கலம் ஜாக்சன்வில்லுக்கு எதிரே, குளத்தில் வாத்து இறங்குவது போல இறங்கியது. நான்கு பேரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். பென்சகோலாவில் பந்தல் காற்றில் பிய்த்துக்கொண்டு போயிற்று. திரை மூடியிருந்ததால் வாரியத்துக்கு அது தெரியவில்லை. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஒடெஸா ஃபிட்சின் கையைப் பிடித்தாள். "சார், இங்க நிக்கற படகைக் கரைக்கு வரச் சொல்லுங்க. நீங்க விடுவிச்சாத்தான் அவங்க திரும்ப முடியும்."

"தாராளமா. மோசமான வானிலைன்னா உடனே விடுவிச்சுடலாம். விலெட்டா, பென்சகோலாவுல இப்ப வானிலை என்ன?"

விலெட்டா கணினியைப் பார்த்தாள். "வானிலையே இல்ல சார். இறங்காத இடத்துக்கு நாம வானிலை வெச்சுக்கறதில்ல."

"பாத்தியா கண்ணு? இல்லாத வானிலையில படகுக்கு என்ன ஆபத்து? திங்கக்கிழமை கூடும்போது முறைப்படி விடுவிச்சுடுவோம்."

"சார், காது குடுத்துக் கேளுங்க. வெளியே காத்து ஊளையிடுது!"

"அது குளிர்சாதனம்," என்றார் ஃபிட்ச்.

அவள் வானொலியில் படகின் கேப்டன் ரூஃபஸ் நக்கினைப் பிடித்தாள். குரலுக்கு நடுவே கடல் இரைந்தது.

"கேப்டன், கரைக்கு வந்துடுங்க!"

"வாரியம் விடுவிச்சுடுச்சா தாயி?"

"இல்ல. நான் சொல்றேன், வந்துடுங்க."

"நீ யாரு சொல்றதுக்கு? போன வருஷம் ஒருத்தன் தன் இஷ்டத்துக்குத் திரும்பினான். இப்ப அவன் படகு துருப்பிடிச்சுக் கிடக்கு. வாரியம் பச்சைன்னு சொல்லியிருக்கு. அதுவும் நீதான் குடுத்தியாமே? உன் தம்பி காலையிலேர்ந்து படகு பூரா தம்பட்டம் அடிச்சுட்டு இருந்தானே!"

கேப்டன் எப்படியும் திரும்பத்தான் செய்தான். ஆனால் ஒரு மணி நேரம் பொறுத்துத் திரும்பினான். அந்த நேரத்துக்குள், கலத்தை உட்கார வைக்கும் இரும்புச் சட்டம் படகின் மேல்தளத்தில் கட்டு அறுந்து உருண்டது. அதைப் பிடித்துக் கட்டப் போனவன் டோபின். சட்டம் அவனுடைய இடது தோளைச் சுவரோடு வைத்து நசுக்கியது.

ஆஸ்பத்திரியில் அவன் கண் திறந்ததும் முதலில் கேட்டது இதுதான். "நீ சரின்னு சொன்னியாக்கா?"

"கரும்பச்சைன்னு சொன்னேன்டா."

"அப்படின்னா என்ன?"

ஒடெஸா அவன் போர்வையைச் சரிசெய்தாள். "சரின்னு அர்த்தம். நான் அப்படி நினைச்சுச் சொல்லல. ஆனா அதுக்கு அர்த்தம் அதுதான்."

டோபின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கேக்கை மாற்றிய கதையை அவனுக்குச் சொல்ல நினைத்திருந்தாள். நான்கு பேரைக் காப்பாற்றிய கை, தம்பியைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டது என்று அவள் மனம் அவளைக் குத்தியது.

இரண்டு வாரம் கழித்து வாரியம் விபத்தை விசாரிக்க முன்னறிவிப்பு அறையிலேயே கூடியது. விசாரித்தவர்களும் அதே ஆட்கள்தான். புது ஆட்களுக்கு வழக்கம் தெரியாதல்லவா? அன்று பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. மோசமான வானிலையில் அடிபட்டான் என்றால் டோபின் வேலையில் காயப்பட்டவன். தோள் தேறும்வரை அவனைப் பார்த்துக்கொள்வார்கள், வேறு வேலையும் தருவார்கள். நல்ல வானிலையில் அடிபட்டான் என்றால் அவன் கவனக்குறைவானவன். அவனை எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி டோபின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்குப் பென்சகோலாவுல வானிலை கரும்பச்சை," என்று ஆரம்பித்தார் ஃபிட்ச். "நல்ல, செழிப்பான வானிலை. அதுல ஒரு வாலிபன் தடுமாறி விழுந்திருக்கான். வருத்தமா இருக்கு. இள வயசு, கவனம் எங்கெங்கயோ போகும்."

ஒடெஸா எழுந்தாள். "சார், இறங்காத இடத்துக்கு வானிலையே இல்லன்னு அன்னைக்குச் சொன்னீங்களே?"

"அன்னைக்குத் தேவைப்படல கண்ணு. இப்ப விபத்து நடந்துடுச்சே. வானிலை இல்லாம எப்படி விசாரிக்கிறது?"

மேசையைச் சுற்றி எல்லோரும் நியாயம்தானே என்று தலையாட்டினார்கள். ஃபிட்ச் கனிவாகக் குனிந்தார்.

"நீ குடுத்ததுதானே? உன் வாயாலேயே சொல்லிடு, முடிச்சுடலாம். அன்னைக்கு வானிலை என்ன?"

"சிவப்பு," என்றாள் ஒடெஸா.

விலெட்டா கணினியைத் தட்டினாள். "அது பச்சையில எதும்மா?"

"பச்சையில எதுவும் இல்ல. சிவப்பு."

"பட்டியல்ல இல்லையே சார். பதில் வரலைன்னு போடட்டுமா?"

"இன்னொரு வாய்ப்புக் குடுப்போம்," என்றார் ஃபிட்ச். "பதறாம சொல்லு. என்ன நிறம்?"

"சிவப்பு. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். நிறம் இல்லன்னா வாயால கத்தியிருக்கணும். என் தம்பி தடுமாறல. காத்து அவனை அடிச்சுது."

"பதில் வரலை," என்று முணுமுணுத்தபடி விலெட்டா தட்டினாள்.

ஒடெஸா கடைசி நாற்காலியைப் பார்த்தாள். டோபின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனாள். திரையை இரண்டு கையாலும் பிடித்து, கடைசி வளையம் வரைக்கும் இழுத்தாள்.

அன்றும் மழைதான். கண்ணாடியில் சாட்டை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. வாசல் பனைமரங்கள் தரையைத் தொடுவதுபோல வளைந்தன. கடல் முழுக்க வெள்ளை நுரை.

"திரை!" என்று விலெட்டா அலறினாள்.

இத்தனை நாள் பயிற்சி வீண்போகவில்லை. எல்லோருடைய கைகளும் மேசைமேல் வந்தன, எல்லோருடைய கண்களும் மூடின. பதற்றத்தில் விலெட்டாவும் மூடிக்கொண்டுவிட்டாள். "மூடியாச்சு" என்று சொல்ல ஆளில்லாததால் அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

டோபின் மெல்ல எழுந்து அக்காவின் பக்கத்தில் வந்து நின்றான். இருவரும் கடலைப் பார்த்தார்கள்.

"இப்படித்தான் இருந்துச்சாடா?" என்று ஒடெஸா கேட்டாள்.

"இதவிட மோசம்க்கா."

பின்னால் ஃபிட்ச் கண்ணை மூடியபடியே, "மூடியாச்சா?" என்று கேட்டார். அவர்கள் இருவரும் திரும்பவில்லை.